ஓதக்கோடு

நெப்ராஸ்காவுக்குக் கடல் கிடையாது.
எந்தத் திசையில் கிளம்பினாலும்
மூன்று மாநிலம் தாண்டினால்தான் உப்புக்காற்று.
ஆனாலும் ஜனவரியில் ஓர் இரவு, ஒன்பதே முக்காலுக்கு,
மசோதா கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள்,
லிங்கன் நகரச் சட்டமன்றத்தின் இரண்டாம் தளத்தில்
ஏழாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவில்
அலை அடித்தது:

‘பன்றிப் பண்ணைக் கழிவுக்குட்டையானது
உயர் ஓதக்கோட்டிலிருந்து
முந்நூறு அடிக்குக் குறையாத தொலைவில்...’

நான் மெய்ப்புப் பார்க்கிறவள்.
இருபத்தாறு வருடமாகக்
காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் நடுவே குடித்தனம்.
சட்டம் நல்லதா என்று பார்ப்பது என் வேலை இல்லை.
எழுத்து நல்லதா, அவ்வளவுதான்.
இந்தக் கடலில் எழுத்துப்பிழை ஒன்றுமில்லை.

முதல் பக்கத்தில் ‘கொண்டுவருபவர்: செனட்டர் ஆஸ்ட்ரூப்’.
உண்மைதான், அவர்தான் கொண்டுவந்தார்,
பையன் பீட்சா கொண்டுவருவதைப் போல.

அவருடைய உதவியாளன் கோல்பியை அழைத்தேன்.
‘கடலா?’ சிரித்தான். இருபத்துமூன்று வயது,
நல்ல பையன்.
‘இருங்க வெர்னா, அவங்களைக் கேட்டுச் சொல்றேன்.’

யாரை என்று நான் கேட்கவில்லை.

பதினொரு நிமிடத்தில் பதில் வந்தது,
வாஷிங்டனிலிருந்து. அங்கே இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல் இரவு.
யாரோ ஒரு வழக்கறிஞர் தூங்காமல் இருந்திருக்கிறார்.
மிகவும் மரியாதையான கடிதம்:
‘மன்னிக்கவும், வேறொரு மாநிலத்துக்காக எழுதிய வரி.
ஓதக்கோடு என்பதை எடுத்துவிட்டு
ஓடை என்று போட்டுக்கொள்ளவும்.
முந்நூறு அப்படியே இருக்கட்டும்.’

போட்டேன்.

நியாயமாகச் சொல்வதென்றால்
நானும் ஒரு காலத்து லாபிக்காரிதான்.
ரூடி ஸ்வோபோடா, எட்டு வயது.
நின்றிருந்த பள்ளிப் பேருந்தை
நிற்காமல் கடந்த கார்.
நாங்கள் பதினான்கு பெண்கள்
இதே கட்டடத்தின் தூண்களுக்கிடையே காத்திருந்தோம்,
கையில் ருபார்ப் பை, பனியில் நனைந்த காலணி.
ஒவ்வொரு செனட்டரின் நாயின் பெயரும் எங்களுக்குத் தெரியும்.
விசாரணை அறையில் ஆளுக்கு மூன்று நிமிடம்:
பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு,
சிவப்பு எரிவதற்குள்
ஒரு பையனைச் சொல்லி முடிக்க வேண்டும்.
ரூடியின் அம்மா ஒருமுறை
மஞ்சளிலேயே நிறுத்திவிட்டு
விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பது வருடம்.
கையெழுத்தான அன்று நாங்கள் ஆறு பேர்.
அபராதத் தொகையில் ஒரு பூஜ்யம் ஏறியது.

என் கணவர் டேல் சோள விவசாயிகள் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்.
அவர் தம்பி துப்பாக்கிச் சங்கத்துக்கு.
பல் மருத்துவருக்கு ஒன்று, ஆசிரியைக்கு ஒன்று,
சங்கம் இல்லாதவர் இந்த ஊரில்
செத்தவர் மட்டும்தான்.
அவருக்கும் கல்லறைப் பராமரிப்பாளர் சங்கம் இருக்கிறது.
ஆகையால் கதவு தட்டுவதைக் குறை சொல்ல
எனக்கு வாயில்லை.
பதினொரு நிமிடம், அது மட்டும்
செருப்புக்குள் போன கல்.

சனிக்கிழமை காலை.
எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஓர் ஓடை உண்டு,
அதற்கப்பால் போன வருடம் கைமாறிய நிலம்.
உறைந்த நீரைக் கடந்து அக்கரை ஏறினேன்.
என் ஒரு தப்படி இரண்டரை அடி.
நூற்றிருபது தப்படி எண்ணி
முழங்கால் பனியில் நின்று திரும்பினேன்.

சமையலறை ஜன்னல் தெளிவாகத் தெரிந்தது.
டேல் கெட்டிலைக் குழாயடியில் பிடித்திருந்தார்.
கிணற்றுத் தண்ணீர்.
என்னைப் பார்த்துவிட்டுக்
காபி வேண்டுமா என்று
கையாலேயே கேட்டார்.