பயணிகள் கவனத்துக்கு: முக்திநாத், பதினாலு நாள்

சித்திரை பிறந்த மறுநாள்
படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்.
அன்று ராத்திரி ரயில்.
தடைக்காலத்தில் போனால்தான் உங்களுக்கும் தோது,
நேபாளத்து மலைக்கும் தோது.

பாஸ்போர்ட் இல்லையென்று யாரும் தயங்க வேண்டாம்.
வாக்காளர் அட்டை போதும். அசல் வேண்டும்.
ஜெராக்ஸை லேமினேட் செய்து நீட்டிய
அக்காள்மடம் சந்தியாகு அண்ணனை
எல்லையில் இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தினார்கள்.
மலை பார்க்க மட்டும் வந்த மனுசன்,
முதலில் பார்த்தது ஒரு தகரக் கூரையை.

பணத்தை நூறு ரூபாய்த் தாளாக மாற்றி வாருங்கள்.
நம் நூறு அங்கே நூற்றறுபது.
பணக்காரர் ஆகிவிட்டதாக நினைத்து
முதல் கடையிலேயே கம்பளி வாங்காதீர்கள்.
கடிகாரத்தைக் கால்மணி முன்னால் தள்ளி வையுங்கள்.
அந்தக் கால்மணி எதற்கென்று கேட்காதீர்கள்,
எனக்கும் தெரியாது.

கருவாடு வேண்டாம்.
சொல்லியும் போன வருசம் ஒருவர்
பவுடர் டப்பாவில் நெத்திலி கொண்டுவந்தார்.
போக்ராவின் நாய் மொத்தமும் அவர் பின்னால் வந்தது.

சோறு அங்கே லேசில் வேகாது.
தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், சூடு இருக்காது,
வாயளவில் கோபப்படுகிற ஆளைப் போல.
அதனால்தான் பெரிய குக்கர் இரண்டு சுமந்து வருகிறேன்.
தட்டோடு வந்து அடுப்படியில் நிற்காதீர்கள்.

ஜோம்சோமில் பதினோரு மணிக்கு மேல் கச்சான் அடிக்கும்.
அங்கே அதற்கு வேறு பேர்.
முகத்தில் மணல் அறையும்போது உங்களுக்கே அடையாளம் தெரியும்.

ஆற்றோரம் கறுப்புக் கல்லை இரண்டாகப் பிளந்து
உள்ளே சுருள் காட்டுவார்கள். சாளக்கிராமம்.
கும்பிடுங்கள்.
காசு கொடுக்குமுன் என்னை ஒரு வார்த்தை கேளுங்கள்.
பதினேழு வருசம் சங்கு குளித்தவன் நான்,
சுருளுக்கு விலை தெரியும்.
எந்த நீவாட்டில் அது அங்கே போய் ஒதுங்கியதோ,
அதுதான் தெரியாது.

இனி மலை.
நமக்கு மலையென்றால் கெந்தமாதன பர்வதம்.
ஒரு பீடி முடிவதற்குள் உச்சி வந்துவிடும்.
முக்திநாத் பன்னிரண்டாயிரம் அடி.
ஏறிப் பழக இங்கே மேடு ஏது,
பாம்பன் ரோட்டுப் பாலத்தின் முதுகைத் தவிர?
விடியுமுன் தினம் இரண்டு நடை.
லாரிக்காரன் திட்டுவான். ஓரமாகப் போங்கள்.

தலை வலித்தால் சொல்லுங்கள்.
இதை மட்டும் சிவப்பு மையில் எழுதுகிறேன்.
வாந்தி, தள்ளாட்டம், ராத்திரி மூச்சு முட்டல்,
எதையும் தைலம் தடவி மறைக்காதீர்கள்.
குளியில் காதுவலியை மறைத்தவன் என் சகலை.
மேலே வந்தபின் அவன் மூக்கைத் துடைத்தது என் துண்டு.

போன வருசம் ராணிபவுவாவில் தங்கினோம்.
அங்கிருந்து கோயில் அரைமணி நடை.
மண்டபம் ஐஸ் கம்பெனிக் கணக்கு மங்களேஸ்வரி
சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.
ஸ்வெட்டர் பித்தானை மூன்று தடவை மாற்றிப் போட்டார்.
நான் விரல்களைப் பார்த்தேன்.
ஜீப் பிடித்து இறக்கினேன்.
"அரைமணிதானே, நம்புவேல்."
காக்பேனி வரை கதவில் சாய்ந்து அழுதார்,
என் பரம்பரையைத் திட்டினார்,
தலைவலி விட்ட இடத்தில் பேச்சையும் விட்டார்.
ஊருக்கு வந்தும் பதினொரு மாசம்.
பெட்டிக்கு ஐஸ் வாங்கப் போனால்
பேரேட்டுக்குள் குனிந்துகொள்வார்.

நேற்று வந்தார்.
முன்பணத்தை மேசையில் வைத்தார்.
எண்ணினேன். எல்லாம் நூறு ரூபாய்த் தாள்.
வாசலில் கழற்றியிருந்த செருப்பு
இரண்டும் குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது.
ரசீதில் பேர் எழுதும்போது சொன்னார்:
"ஜீப்பில் எனக்குக் கதவோரம் வேண்டாம்."

இன்னும் ஆறு இடம் இருக்கிறது.
பங்குனி முடிவதற்குள் பணம் கட்டவும்.
கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, அவரவர் பொறுப்பு.