நிற்க, திரும்ப, படுக்க

விமானக் கம்பெனிக்காரர் போனில் சொன்னார்:
பெட்டிக்குள் அது நிமிர்ந்து நிற்கணும்,
தலை இடிக்காமல் திரும்பணும்,
கால் நீட்டிப் படுக்கணும்.
மூக்கிலிருந்து வாலின் அடிவரை அளந்து சொல்லுங்க.

டேப் எப்போதும் என் கழுத்தில்தான் கிடக்கும்.
பதினாறு அங்குலம்.
எடை, மளிகைக்கடைத் தராசில்
நாலு கிலோ இருநூறு,
வாயில் கவ்விய பிஸ்கட்டும் சேர்த்து.
அவர் சொன்ன தொகைக்கு
நல்லது சார் என்று வைத்துவிட்டேன்.

ரேபதி வைத்த பெயர் முடி.
அவள் ஊரில் பொரிக்கு அப்படித்தானாம்.
முடி, முடி என்று அவள் வாசலில் கூப்பிட
எஸ்டேட் ரோடே திரும்பிப் பார்த்து
தலையைத் தடவிக்கொண்டது.
நாங்கள் பொரி என்றோம்.
அது இரண்டுக்கும் வாலாட்டும்.

ஏழாம் மாதம், கால் வீங்கி
பிரம்மபூருக்குப் போனாள்,
பொதுப்பெட்டியில், கழிவறைக் கதவோரம்.
வயிறு ஒரு கையில், பை ஒரு கையில்.
மூன்றாவது கை இல்லை அவளுக்கு.
தினம் ராத்திரி ஷிப்ட் முடிந்து பார்த்தால்
வாட்ஸப்பில் அவள் குரல்:
அக்கா, சாப்பிட்டதா?
என்னைக் கேட்கவில்லை.

ஹாஸ்டல் வார்டன் சொல்லிவிட்டார்,
பத்தாம் தேதிக்குள் நாய் வெளியே.

மாதவரத்தில் ஆம்னி பஸ்காரர்
டிக்கியில போட்டுடலாம், ஓட்டை இருக்கு என்றார்.
அந்த ஓட்டையில் என் சுண்டுவிரல் நுழைந்தது.
மோதிரவிரல் நுழையவில்லை.

சென்ட்ரலில், கார்டு பெட்டி நாய்க்கூண்டைக்
காட்டச் சொல்லிக் கெஞ்சினேன்.
உள்ளே கைவிட்டேன்.
இஸ்திரி மேஜையில் தெரியாமல் பட்டுவிடுமே,
அந்தச் சூடு.
சித்திரை இன்னும் பாதி பாக்கி.

பார்சல் கிளார்க் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
முதல் வகுப்புல கூபே கிடைச்சா
கூடவே கொண்டு போலாம்மா.
ரெண்டு டிக்கெட்டும் நீயே எடுக்கணும்.
கிடைக்குமாங்கிறது சார்ட் போட்டாத்தான்.

மூன்று ஞாயிறு ஓவர்டைம்.
ஜெசிந்தா, சீட்டை
தள்ளி எடுத்துத் தந்தாள்.
இரண்டாவது டிக்கெட் அவள் பேரில்.
லீவு கேட்டாள், கொடுக்கவில்லை.
என் பேராவது போய்ட்டு வரட்டும் என்றாள்.

வேப்பேரி ஆஸ்பத்திரியில்
ஒரு ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் ஒரு ஆட்டுக்கும் நடுவில்
இரண்டு மணி நேரம்.
ஊசி போட்டு, வாயைத் திறந்து பார்த்து,
டாக்டரம்மா எழுதினார்:
நாட்டு நாய், பழுப்பு, பயணத்துக்குத் தகுதி.
அந்தத் தாளை நாலாக மடிக்க மனசு வரவில்லை.
சுருட்டி எடுத்து வந்தேன்.

ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு மெசேஜ் வந்தது.
கூபே, ஆங்கில எழுத்தில் பி.
எட்டுப் பேர் இருக்கிற அறையில்
சத்தமில்லாமல் குதிப்பது எப்படி என்று
அன்றைக்குத்தான் கற்றோம்.

விடிகாலை பார்சல் பாரத்தில் ஒரு கட்டம்:
மதிப்பு.
சாக்கடை ஓரம் எடுத்தது சார் என்றேன்.
ஏதாவது போடும்மா.
ஐநூறு போட்டேன்.
ரேபதி முகம் ஞாபகம் வர
பக்கத்தில் இன்னொரு சைபர்.
கூடுதலா போட்டா கூடுதல் சார்ஜ் என்றார்.
சைபரை அடித்தேன்.
பொரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டி கிளம்பி, பேசின் பிரிட்ஜில்
வழக்கம்போல நின்றது.
ஏசி காற்றில் மூக்கைத் தூக்கி மோந்துவிட்டு
பொரி கூடையை விட்டு வெளியே வந்தது.
நின்றது. ஒரு சுற்று திரும்பியது.
ஜெசிந்தாவின் சீட்டுக்குக் கீழே படுத்தது.

டிக்கெட் பரிசோதகர் வந்து போனார்.
கதவைச் சாத்தினேன்.
செருப்பைக் கழற்றி
நடுவில் நின்று பார்த்தேன்.
இரண்டு கையையும் விரித்து
ஒருமுறை, மெதுவாக, திரும்பினேன்.
எதுவும் இடிக்கவில்லை.
பிறகு நானும் படுத்தேன்.