பதினோரு நிமிடம்

கலாமாவுக்கு மேற்கே, செம்புச் சுரங்கத்தின்
புழுதி வந்து படியும் எங்கள் பள்ளிக்கு
ஒரு கேமரா வரும்.
மூன்று கால், ஒரு கண்.
நாற்பது நிமிடம் உட்காராமல் பாடம் கேட்கும்.
கை தூக்காது. சந்தேகம் கேட்காது.
பிறகு சாந்தியாகோவில் யாரோ ஒருவர்
அது பார்த்ததைப் பார்த்து
எங்களுக்கு எண் போடுவார்.

நொல்வியா சோக்கேவுக்கு அன்று பின்னக் கணக்கு.
ரொட்டியை எட்டாக வெட்டி வைத்திருந்தாள்.
பின்வரிசையில் யாந்திரோவுக்கு
மூக்கிலிருந்து ரத்தம் கொட்டத் தொடங்கியது.
இந்த உயரம், இந்தக் காய்ந்த காற்று,
வாரத்துக்கு ஒரு பிள்ளைக்காவது வரும்.
குழாயில் தண்ணீர் இல்லை.
தன் பிளாஸ்கில் ஆறிப்போயிருந்த தேநீரில்
கைக்குட்டையை நனைத்துக்கொண்டு ஓடினாள்,
கையிலிருந்த ரொட்டியோடு.

கேமரா திரும்பவில்லை.
காலியான கரும்பலகையையே
பதினோரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தது.
அறிக்கையில் எழுதினார்கள்:
'இந்நேரத்தில் கற்பித்தல் நிகழவில்லை.'

சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்து மாடியில்
சங்கம் கூடியது. குறிப்பு எழுதுவது நான்.
தண்ணீர்த் தொட்டி வேண்டும்.
வகுப்புக்கு முப்பது பேருக்கு மேல் கூடாது.
ஞாயிறு இரவுகளில் கோப்பு நிரப்புகிறோமே,
அதுவும் வேலைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.
யெர்கோ மேசையைத் தட்டினான்:
'மழையே பெய்யாத ஊரில்
பத்து வருஷமாக நமக்குத் தண்ணி காட்டுகிறார்கள்!'
சிரித்தோம். அடுத்து யார் பேசுவது என்று தெரியவில்லை.

உபால்டோ எழுந்தார்.
மூன்று முறை 'மிகச் சிறப்பு' வாங்கியவர்,
அதற்கான ஊக்கத்தொகையில் கூரை மாற்றியவர்.
சங்கத்துக்கு எதிராகப் பேசப் போகிறார் என்றுதான்
பேனாவைக் கீழே வைத்தேன்.
'கேமரா வந்த நாட்களில்
என் வகுப்பில் நாலு பையன்களை
நூலகத்துக்கு அனுப்பிவிடுவேன்' என்றார்.

எங்கள் பள்ளியில் நூலகம் கிடையாது.
துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் போடும் அறை
ஒன்று இருக்கிறது.

அதை எழுதவா என்று கேட்டேன்.
எழுது என்றார்.

அந்தோஃபகாஸ்தாவில் பேச்சுவார்த்தை.
அதிகாரி நல்லவர், காபி கொடுத்தார்,
குழு அமைக்கலாம் என்றார்.
நொல்வியா ஒன்றும் விவாதிக்கவில்லை.
அந்தப் பதினோரு நிமிடத்தைப் போடச் சொன்னாள்.
திரையில் வெறும் கரும்பலகை.
'கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்' என்றாள்.

நாற்காலி நகரும் சத்தம். யாரோ அழுகிறார்கள்.
குனிந்து உட்கார், நிமிராதே, வாயால் மூச்சு விடு.
பிறகு ஒரு சிறுமியின் குரல், மிகத் தெளிவாக:
'டீச்சர், மூணு துண்டுல ரத்தம்.'
'எட்டில் மூன்று. மிச்சம்?'
'எட்டில் அஞ்சு.'
'ரெண்டையும் கூட்டினால்?'
'முழு ரொட்டி. ஆனா திங்க முடியாது.'

அதிகாரி கண்ணைத் திறக்கக்
கொஞ்சம் நேரமாயிற்று.
'ஒலிக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை,' என்றார்.
நாங்கள் மூக்கைத் துடைத்தோம்,
நீங்கள் செய்வது கண்துடைப்பு என்று யெர்கோ சொன்னது
நடவடிக்கைக் குறிப்பில் இல்லை.
என் நோட்டில் இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டி ஆகஸ்டில் வந்தது, நீல நிறம்.
படிவத்தில் புதிதாக ஒரு கட்டம்:
'இடையூறு இருப்பின் காரணம்', மூன்று வரி.
யாந்திரோவை இடையூறு என்று எழுத மாட்டேன் என்று
நொல்வியா அதைக் காலியாகவே விட்டாள்.
வகுப்புக்கு முப்பது பேர் என்பது பரிசீலனையில்.
ஞாயிறு இரவுகளும் பரிசீலனையில்.
மதிப்பெண் என்ற சொல்லில்
எண் இன்னும் அவர்களிடம்தான்.

இந்த ஆண்டு கேமரா உபால்டோவிடம் போனது.
அவர் எண் இறங்கிவிட்டது.
கூட்டத்தில் தானே வாசித்துக் காட்டினார்,
கூரைக் கடனில் இன்னும் இரண்டு தவணை பாக்கி என்றும் சொன்னார்.
எழுதிக்கொண்டேன்:
வகுப்பில் அன்று இருந்தவர்கள் நாற்பத்து மூன்று.
வெளியே அனுப்பப்பட்டவர் எவருமில்லை.