ஏழு

புதுவயலில் இரவு ஒன்றே முக்கால்.
புழுங்கல் வாசனை வெளியிலிருந்து வருவதில்லை,
எப்போதும் உள்ளேதான் இருக்கிறது.
சர்வர் அறை என்று பேர்.
தவிட்டு மூட்டைக்கும் மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் நடுவே
ஒரு மேசை, ஒரு லினக்ஸ் பெட்டி,
கறுப்புத் திரையில் துடிக்கிற கர்சர்.

வாசலில் பாலக்காட்டு லாரி.
இருபத்தைந்து டன் இட்லி அரிசி ஏற்றித்
தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. பில் வரவில்லை.
டிரைவர் சுகுமாரன் ஹாரன்மேல் கை வைத்தார்,
அடிக்காமல் எடுத்துக்கொண்டார்.
அதுவே எனக்குப் பெரிய சத்தமாய்க் கேட்டது.

எண்ணைச் சொல்லி பிங் விட்டேன்.
போனது, வந்தது, பதினெட்டு மில்லிசெகண்ட்.
கேபிள் சரி. ரவுட்டர் சரி.
பேரைச் சொன்னால்தான் முழிக்கிறது.
கூனா சீனா வீனா என்று மூன்றெழுத்து விலாசம் போட்டாலே
பினாங்கிலிருந்து வந்த கடிதம்
சரியான கதவில் விழுகிற ஊர் இது.
இந்தப் பெட்டிக்கு மட்டும் ஒரு பேரும் தெரியவில்லை இன்றைக்கு.

முதலாளி மெய்யர் போனில் கேட்டார்:
“என்னவாம்?”
பாத்துக்கிட்டிருக்கேன் என்றேன்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஸ்ட்ரேஸ் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும்.
பேர் தேடும் லைப்ரரி விழிக்கிறது,
தன் கூட்டாளி ஏழாம் நம்பரைத் தேடிப் போகிறது.
முதல் டைரக்டரியில் இல்லை.
இரண்டாவதில் இல்லை.
மூன்றாவதில் எட்டு இருக்கிறது, ஏழு இல்லை.
நான்காவதில் இல்லை.
யாரிடமும் புகார் சொல்லாமல் திரும்பி வந்து
‘பேர் தெரியாது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

சரி, ஒரு குறுக்கு வழி.
வாரிசில்லாத வீட்டுக்குப் பிள்ளை கூட்டுவதுபோல
எட்டைக் கூட்டிவந்து ஏழு என்று பேர் வைத்தேன்.
ஒரே ஒரு வரி லிங்க்.
பேர் ஒட்டியது.
பிள்ளைக்கு அந்த வீட்டுப் பழக்கம் ஒன்றும் தெரியவில்லை,
அரிசி கேட்ட இடத்தில் உமியை நீட்டியது.
செக்மென்டேஷன் ஃபால்ட்.
பில்லிங் மட்டுமில்லை,
தொட்டதெல்லாம் விழ ஆரம்பித்தது.
லிங்க்கை அவிழ்த்தேன்.

ஏழு எங்கே போயிருக்கும்?
பழைய கட்டளைகளைப் புரட்டினேன்.
போன செவ்வாய், மாலை ஆறு பன்னிரண்டு:
டிஸ்க் நிறைந்துவிட்டது என்று
பழசையெல்லாம் துடைத்த ஒரு வரி.
லாகின் பேர் என்னுடையது.
திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் தவிட்டு மூட்டை மட்டும்.

எடைமேடை அறையில் இன்னொரு பெட்டி உண்டு.
எலி கடித்த கேபிள், இரண்டு வருஷமாக நெட் கிடையாது.
அதனால் யாரும் அதை அப்டேட் செய்யவில்லை,
யாரும் துடைக்கவில்லை,
நானும்.

செருப்பைத் தேட நேரமில்லை.
மூடிக் கிடந்த நெல்லம்பாரங்களைச் சுற்றிக்கொண்டு
களத்தின் குறுக்கே நடந்தேன்.
சிதறிய நெல் காலில் குத்தியது.
வாட்ச்மேன் வெள்ளைக்கண்ணு டார்ச் அடித்தார்.
“இந்நேரத்துல எடையா?”
“ஆமாண்ணே, சின்ன எடை.”

ஏழு அங்கே இருந்தது.
தொண்ணூறு கேபி.
பென்டிரைவில் ஏற்றி, திரும்பும்போது மேடைமேல் ஏறிவிட்டேன்.
சிவப்பு எண்கள் யோசித்தன:
அறுபது கிலோ.
வரும்போதும் அறுபதுதான் காட்டியிருக்கும்.

இரண்டு ஐம்பதுக்குப் பேர்கள் திரும்பி வந்தன.
பிரிண்டர் இருமியது.
சுகுமாரனை எழுப்பிப் பில்லைக் கொடுத்தேன்.
கண்ணைத் திறக்காமலே தன் பேர் சரியா என்று பார்த்தார்
(எப்படி என்று கேட்காதீர்கள்).
மெய்யருக்கு ஒரு செய்தி:
பழசு ஒண்ணு காணாமப் போயிருந்துச்சு, கிடைச்சிருச்சு.

காலையில் அழகுமீனாள் வருவாள், டிஸ்க் நிறைந்ததென்பாள்.
அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டினேன்:
ஏழைத் தொடாதே.
வாசித்துப் பார்த்ததும் வேறென்னவோ ஆகிவிட்டது.
அடித்துவிட்டு எண்ணில் எழுதினேன்,
7-ஐத் தொடாதே.

யார் துடைத்தது என்று எழுத
அட்டையில் இடம் இருந்தது.