இரண்டாம் எடை

கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது.
ரசீதுக் கட்டுக்கு அடியில்
கோயம்புத்தூர் முத்திரையோடு
மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

நாங்குநேரி தாண்டி நாற்கரச் சாலையில்
இருபத்துநாலு மணி நேர எடைமேடை.
ராத்திரி நாற்காலி என்னுடையது.
ஜல்லி, எம்-சாண்ட், வாழைத்தார், சில நாள் வைக்கோல்.
லாரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்,
நான் சீட்டு அடிப்பேன்.
வருஷத்தில் ரெண்டு மாதம் மட்டும்
பச்சை உடுப்பு, பூட்ஸ், விடியுமுன் ஓட்டம்.
தங்கப்பழம் அண்ணாச்சிக்கு அது பழகிவிட்டது.
"பய கேம்ப்புக்குப் போயிருக்கான்" என்று
டிரைவர்களிடம் கொஞ்சம் மீசையைத் தடவிக்கொண்டே சொல்வார்.

இது கேம்ப் அல்ல.
இரண்டு வருஷம். வடக்கே.
எந்த ஊர் என்று கடிதத்தில் இல்லை.

முதல் நாள் சொல்லப் போனேன்,
ஜெனரேட்டர் குடித்த டீசல் கணக்கில் இருந்தார்.
மறுநாள் அவருக்குப் பல்வலி.
அப்புறம் ராத்திரி ராத்திரி
காலி மேடையைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன்:
அண்ணாச்சி, ஒரு விஷயம்.
அண்ணாச்சி, கோவிச்சுக்கிடக் கூடாது.
மேடை பூஜ்யம் காட்டியது.

திரும்பி வந்தால் வேலை தரணும், சட்டம் இருக்கு,
தாள் அனுப்பவா என்று சுபேதார் போனில் கேட்டார்.
வேண்டாம் என்றேன்.
தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின நாற்பதாயிரத்தை
இன்னும் வாய்விட்டுக் கேட்காத மனுஷன்.
அவரிடம் சட்டத்தை எந்தக் கையால் நீட்ட?

பத்தாம் நாள், ஐப்பசித் தூறலில்,
கடிதத்தையே நீட்டிவிட்டேன்.
கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்து
இங்கிலீஷ் எழுத்துகளை எண்ணுகிறவர் போலப் பார்த்தார்.
"ஏலேய் ஐகோர்ட்டு, ரெண்டு வருசமா?"
ஆமா.
"அங்க சம்பளம் உண்டா?"
உண்டு அண்ணாச்சி.
"இங்கயும் கேப்பியோ?"
இல்ல.
"துப்பாக்கி கையிலயே கெடக்குமா, இல்ல
ராத்திரி வாங்கிப் பூட்டிருவானுவளா?"
பூட்டிவிடுவார்கள் என்றேன்.
அதில் ஏனோ அவருக்கு ஒரு நிம்மதி.

பிறகு வெகுநேரம் பேச்சில்லை.
அவர் பார்வை மேசைக்கு அடியில் போனது.
அங்கே ஒரு சின்னப் பொத்தான் உண்டு.
குவாரி லாரிக்கு இருநூறு கிலோ கூட்டும்,
முத்திரை ஆபீசர் ஜீப் தெரிந்தால் சும்மா இருக்கும்.
எங்கள் ரெண்டு பேர் முழங்காலுக்குத்தான் அது தெரியும்.

"புதுசா ஒருத்தனுக்கு," என்றார்,
"என்னத்தன்னு சொல்லிக் குடுக்க?"

ஆளில்லாத கவலை என்றல்லவா
ஒன்பது நாளும் நினைத்திருந்தேன்.
பதில் சொல்லவில்லை.
கொடி முன்னால் கை நீட்டிச் சத்தியம் செய்த அன்றும்
இதே வலது முழங்காலோடுதான் நின்றேன்.

கிளம்புகிற காலை
டிரங்குப் பெட்டியோடு போனேன்.
மேசைக்கு அடியில் யாரோ பெருக்கியிருந்தார்கள்.
அறுந்த ஒயர் முனைகளில் சிவப்பு டேப்.
நான் கேட்கவில்லை.
"எலி கடிச்சிட்டுலே" என்றார்,
கேட்காததற்கு.

"மேடையில ஏறி நில்லு."
பெட்டியோடு ஏறினேன்.
இருபது இருபதாக மட்டுமே எண்ணத் தெரிந்த மெஷின்
நூறு என்றது.
அவரே உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார்.
சீட்டு வந்தது.
வண்டி எண் என்ற இடத்தில் ஐகோர்ட்துரை.
சரக்கு, ஒன்றுமில்லை.
முதல் எடை நூறு.
இரண்டாம் எடை பாக்கி.

"திரும்பி வாற அன்னைக்கி ஏறி நின்னு
மிச்சத்தப் போட்டுக்கிடு.
அதுவரைக்கும் கம்ப்யூட்டர்ல நிக்கும், அழியாது."

சாலைக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி பஸ்
வேகம் குறைத்தது.
சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.
"ஏலேய்!"
நின்று திரும்பினேன்.

"எடைக்கூலி அறுவது ரூவா.
அத யாரு தருவா, ராணுவமா?"