துரி?

வாவுர் துறைமுக அலுவலகத்தில்
மூன்று நாளாக மார்யுன்
ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
கதவுக்கு எண் இருந்தது: மூவாயிரத்து முந்நூற்று ஆறு.
கைப்பிடி இல்லை.

அந்தப் பக்கம்
மீன் கம்பெனியின் குளிர்கிடங்குக்குக் கீழே
பழைய சர்வர் ஒன்று
ஆள் கணக்கு வைத்திருந்தது:
யார், எந்தக் கப்பலில், எந்தக் கடலில்,
திரும்பும் நாள் எது.
இந்தப் பக்கம்
ஊர் பார்க்கப்போகும் வலைப்பக்கம்,
தலைப்பு மட்டும் போட்டு, கீழே வெள்ளையாக.

நடுவில் டிரைவர்.
பெயர் வைத்தவர்
பஸ்ஸில் ஏறியதே இல்லை போலும்.
இது எதையும் ஓட்டுவதில்லை.
பின்படியில் தொங்கிக்கொண்டு
முன்னால் கேட்டதைப் பின்னால் சொல்லி
பின்னால் கொடுத்த சில்லறையை முன்னால் நீட்டும்
கண்டக்டர் உத்தியோகம்.

முதல் நாள், மறுக்கப்பட்டது என்றது.
இரண்டாம் நாள், நேரம் கடந்துவிட்டது என்றது.
மூன்றாம் நாள் காலை, கடவுச்சொல் தவறு என்றபோது
மார்யுன் எழுந்து நின்று
ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள்.
தவறு என்று சொல்லவாவது
எதிரில் ஆள் இருக்கிறதே!

மதியம் திறந்தது.
சோதனைக்குத் தன் பெயரையே அனுப்பினாள்,
போனது போலவே வந்தது,
ஒரு கீறல் இல்லாமல்.
அவள் பெயரில் சிக்கலான எழுத்து எதுவுமில்லை.
அதை அவள் அப்போது யோசிக்கவில்லை.
நான்கு மணிக்கு இருட்டிவிடும் ஜனவரியில்
பக்கத்தை ஊருக்குத் திறந்துவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு ஹோக்னி அழைத்தான்.
கப்பல்கள் வடக்கே, பாரென்ட்ஸ் கடலில்.
இரண்டு நாளாகப் புயல், செய்தி இல்லை.
மெதுவாகப் பேசினான்:
"உன் பக்கம் என்னைக் கேட்கிறது.
என் மனைவி பெயரைப் போட்டு
துரி? என்கிறது.
நான் என்ன பதில் சொல்ல?"

அவர்கள் மொழியில் ஓர் எழுத்து உண்டு,
நெற்றியில் குறுக்குக்கோடு கிழித்துக்கொண்ட எழுத்து.
துரியின் பெயர் முடிவது அதில்.
வாய் அதை உச்சரிப்பதில்லை.
அம்மா கூப்பிட்டாலும் ஆசிரியை கூப்பிட்டாலும்
காற்றில் அதற்கு இடமில்லை.
தாளில் மட்டும் இருக்கும்,
கல்யாணப் பதிவில், சம்பளச் சீட்டில்,
கப்பல் ஆள்பட்டியலில்
இயந்திர அறை, இரண்டாம் பொறுப்பு என்பதற்கு முன்னால்.
டிரைவருக்கு அந்த எழுத்தைத் தெரியவில்லை.
தெரியாததை எல்லாம்
கேள்விக்குறியாக்கிக் கொடுத்துவிட்டது.

பட்டியலை இறக்கிப் பார்த்தாள்.
பதினெட்டுப் பேரில் பதினொரு பேர்
கேள்வியாக நின்றார்கள்.
ஹோக்னியின் தம்பிக்குப் பெயர் நடுவிலேயே ஓட்டை.

இணைப்பு வரியின் கடைசியில்
எந்த எழுத்துமுறையில் பேசுவது என்று
ஒரே ஒரு சொல் சேர்த்தாள்.
சேமித்தாள். பக்கம் ஒருமுறை சிமிட்டியது.
பதினொரு பேரும்
முழுப்பெயரோடு வந்து நின்றார்கள்,
ஒலிக்காத எழுத்து உட்பட.

திரும்பும் நாள் என்ற கட்டம் மட்டும்
காலி.
அதில் எழுத்துப் பிழை இல்லை.
பூஜ்யமும் இல்லை அது, வெற்றுச் சொல்லும் இல்லை,
யாரும் இன்னும் எதுவும் எழுதவில்லை, அவ்வளவுதான்.
அதற்கு எந்த டிரைவரிலும் மருந்து கிடையாது.

ஹோக்னியை அழைத்து, சரியாகிவிட்டது என்றாள்.
எது, என்று அவன் கேட்டான்.
பெயர், என்றாள்.

நள்ளிரவில் பதிவேட்டைத் திறந்தாள்.
ஒரே முகவரி,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே கேள்வி,
அதே பதினெட்டு வரி பதில்.
சும்மா கிடக்கும் இணைப்பை
முப்பது நொடியில் மூடிவிடு என்று
மாலையில்தான் எழுதிவைத்திருந்தாள்.
அந்த வரியை அழித்துவிட்டு
விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.