ஒத்த ஆளு

ராத்திரி பன்னிரண்டுக்கு வெளியாகும் என்றான்.
பன்னிரண்டு நாலுக்கு வந்தது.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில் தண்டவாளத்தை மறித்து நின்று
எதையோ யோசித்துக்கொண்டிருந்தது.
வண்டியை ஆஃப் பண்ணி
இயர்போனின் ஒரு பக்கத்தைக் காதில் வைத்தேன்.
இன்னொரு பக்கம் பொங்கலிலிருந்தே வேலை செய்யவில்லை.

பதினோரு பாட்டு. முப்பத்தொரு நிமிஷம்.
அட்டையில் எர்னஸ்ட்டின் பின்கழுத்து மட்டும்.
அதிலிருக்கும் தழும்பு
என் கையிலிருந்து நழுவிய கிரிக்கெட் மட்டை.
பார்க்கிறவர்கள் வேறு கதை நினைத்துக்கொள்வார்கள்.
நினைக்கட்டும், ஆல்பத்துக்கு நல்லது.

முதல் பாட்டில் அவன் குரல்
கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் மாதிரி இருக்கிறது.
கோடம்பாக்கத்தில், மணிக்கு அறுநூறு கொடுத்து எடுத்தது.
ஒவ்வொரு ப-வும் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

எங்களுக்கு ப தான் பகையாளி.
என் வீட்டு பீரோவில் அம்மாவின் புடவைகளை ஒதுக்கி
நடுவில் மைக்கைத் தொங்கவிட்டோம்.
தங்கச்சியின் ஸ்கூல் சாக்ஸை
எம்பிராய்டரி வளையத்தில் இழுத்துக் கட்டினோம்.
க, ச, த எல்லாம் சொன்ன பேச்சு கேட்கும்.
ப மட்டும் வெடிக்கும்.
பசி வெடிக்கும். பணம் வெடிக்கும்.
போலீஸ் என்றால்
ஸ்பீக்கர் கூம்பு ஒரு விரற்கடை வெளியே வந்து போகும்.

ப இல்லாமல் எழுதுடா என்றேன்.
ஒரு வாரம் முயன்றான்.
பட்டினியை வெறும் வயிறு ஆக்கினான்,
பட்டாவைக் காகிதம் ஆக்கினான்.
அப்புறம் நோட்டை என் மடியில் போட்டான்:
தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை,
இதுக்கெல்லாம் இன்னா வைக்கிறது, நீயே சொல்லு.

நான் கன்டெய்னர் யார்டில் சேர்ந்தேன்.
நைட் ஷிப்ட். அவன் பாட்டு எடுப்பதும் நைட்டில்தான்.
அவ்வளவுதான், சண்டை ஒன்றுமில்லை.
சண்டை இருந்திருந்தால்
ஒரு பாட்டாவது தேறியிருக்கும்.

நாலாவது, தண்ணி லாரிப் பாட்டு.
வரிசையில் நிற்கும் குடங்களுக்குக் குடத்துக்கு ஒரு அடி:
பச்சை, பச்சை, சிவப்பு, வாய் உடைந்த நீலம்.
ஆறாவதில் ஒரு பெண் வருகிறாள்.
எனக்குத் தெரியாதவள்.
எப்போடா?

ஒன்பதாவது தொடங்கும்போதே சத்தம் இறுகியது.
பீரோ.
காதுக்குள் பாச்சை உருண்டை வாசனை.
பதினேழாவது நொடியில் பேட்டை என்கிறான்,
வெடிக்கிறது.
சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறான்.
பின்னால் ஒரு இருமல், என்னுடையது.
அடுத்து, ஷ்ஷ், வண்டி வர்து என்று ஒருத்தன்.
அதுவும் நான்தான்.
அந்த வண்டியும் வருகிறது.
அன்றைக்கு அழிக்கச் சொன்ன தடதடப்பை
நறுக்கி, திருப்பி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு
மீதிப் பாட்டை அதன்மேல் ஏற்றியிருக்கிறான்.

நன்றி என்று போட்ட இடத்தில் என் பெயர் வேம்பு.
வேம்புலியில் பாதி.
இடம் போதவில்லையோ என்னவோ.

அப்போது நிஜ ரயில் நகர்ந்தது.
ஒரு காதில் அது, ஒரு காதில் இது.
இரண்டும் ஒரே கதியில் இல்லை.
நான் நடுவில் விரலால் பெட்ரோல் டேங்கில் தட்டி
எதையாவது ஒன்றைப் பிடிக்கப் பார்த்து
இரண்டையும் விட்டேன்.

கேட் தூக்கினார்கள்.
பின்னாலிருந்து ஷேர் ஆட்டோ, மீன் வேன், இன்னொரு வேன்,
எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாரன்.
‘கேட்டேன்’ என்று அடித்தேன், அழித்தேன்.
‘சூப்பர்டா’ அடித்து அதையும் அழித்தேன்.
‘ஒம்பதுல ப வெடிக்குது’ என்று அனுப்பினேன்.

யோவ் எடுய்யா வண்டிய என்றார் மீன் வேன்காரர்.
பத்தாவது பாட்டு எப்படித் தொடங்கியது என்று கவனிக்கவில்லை.